அடைச்சாச்சு

என் புருஷனுக்கு டிங்கர் வேலை. துருப்பிடித்த தகரத்தில் விழுந்த ஓட்டையை அடைப்பார், நெளிந்த கதவை நிமிர்த்துவார், பெயிண்ட் அடிப்பார். எனக்கு எஞ்சின் வேலை. ஒரே கொட்டகைதான், நடுவில் ஒரு தார்ப்பாய் தொங்குகிறது. அவருடைய சுத்தியல் சத்தம் என் காதில் விழக்கூடாது என்று நான் கட்டியது அது. வெளியே கேட்டால், என் வாய்ச் சத்தம் தன் காதில் விழக்கூடாது என்று தான் கட்டியதாகச் சொல்லிக்கொண்டு திரிவார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நானே சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கு வேலை மிச்சம்.

அன்று காலை என் பக்கத்தில் நின்றது அத்தானின் கார். அத்தான் என்றால் என் அக்காவின் புருஷன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிய வண்டி. கார்புரேட்டர் வைத்த எஞ்சின், நாலு கியர், கையால் சுற்றி இறக்குகிற கண்ணாடி. சாப்பிட உட்காரும் முன் கை கழுவ மறந்தாலும் மறப்பார், அந்தக் காரைத் தொடும் முன் மறக்கமாட்டார். அப்படிப்பட்டவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகி, அன்று மதியம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். "வரும்போது ஆம்புலன்ஸ்ல படுத்துக்கிட்டு வந்தேன். போகும்போது என் வண்டியில உக்காந்துக்கிட்டுதான் போவேன்" என்று டாக்டரிடமே சொல்லிவிட்டாராம். டாக்டரும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டாராம். வண்டி ஓடுகிற நிலையில் இருக்கிறதா என்று அந்த டாக்டர் என்னிடம் அல்லவா கேட்டிருக்க வேண்டும்.

ஏனென்றால் அதில் ஒரு சத்தம் இருந்தது. ஸ்ஸ்ஸ் என்று. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வராது, சூடேறினால் வரும். வந்ததும் எஞ்சின் குலுங்கும். சிக்னலில் நின்றால் பொட்டென்று அணைந்துவிடும். அக்கா அதற்குப் பாம்பு என்று பெயர் வைத்திருந்தாள். முதல் முறை கேட்டபோது நிஜமாகவே பாம்பு என்று நினைத்து, நடுரோட்டில் கதவைத் திறந்து போட்டுவிட்டு இறங்கி ஓடியவள் அவள்.

"மதியத்துக்குள்ள ஆயிடுமாடீ?" என்றாள். அது எத்தனையாவது தடவையோ.

"நீ பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தா ஆகாது."

"அவரை உள்ள உக்கார வச்சப்புறம் நடுரோட்டுல நின்னு போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? இறங்கித் தள்ளவா முடியும்? இப்பதான் தைச்ச நெஞ்சுடீ அது."

"அப்ப நான் ஓட்டிட்டு வரேன். நீ பின்னாடி உக்காரு."

"நீயா? வழி முழுக்க குறுக்க வர்றவன், நெடுக்க வர்றவன் எல்லாரையும் திட்டுவே. அவருக்கு மறுபடியும் நெஞ்சு வலி வரும். நானே ஓட்டிக்கறேன்."

ஸ்டூலிலிருந்து எழுந்தாள். வலது முழங்காலைக் கையால் தாங்கிக்கொண்டுதான் எழுந்தாள். அந்தக் காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவள் படியில் இறங்குவதென்றால் பக்கவாட்டாக, ஒவ்வொரு படியாகத்தான். அத்தானுக்கு மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லி ஆட்டோவில் கிளம்பினாள்.

நான் எஞ்சினைச் சூடாக்கினேன். கொஞ்ச நேரத்தில் பாம்பு வந்தது.

அது பாம்பு இல்லை, காற்று என்று எனக்குத் தெரியும். எஞ்சின் மூச்சை உள்ளே இழுக்கிற சாதனம். இழுக்க வேண்டிய வழியை விட்டுவிட்டு ஏதோ ஒரு கீறல் வழியாகத் திருட்டுத்தனமாக இழுத்தால் இந்தச் சத்தம் வரும். காரத்தைக் கடித்தவர்கள் உதட்டைக் குவித்து மூச்சிழுப்பார்களே, அதே சத்தம். வியாதி தெரிந்துவிட்டது, இடம்தான் தெரியவில்லை.

ஒரு ரப்பர் குழாயின் நுனியைக் காதில் வைத்துக்கொண்டு, மறுநுனியை எஞ்சின் மேல் ஒவ்வொரு இணைப்பாக நகர்த்தினேன். எங்கே வைத்தாலும் ஸ்ஸ்ஸ். எங்கேயும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கார்புரேட்டர் கழுவுகிற ஸ்பிரேயைச் சந்து சந்தாக அடித்துப் பார்த்தேன். கீறல் இருக்கிற இடத்தில் அடித்தால் எஞ்சின் அதை உள்ளே இழுத்துக்கொண்டு வேகம் கூடும். கூடவில்லை. அடுத்து, காற்று போகிற ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் நெரித்தேன். எதை நெரிக்கும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. மெல்லிய குழாயை நெரித்தேன், நிற்கவில்லை. பிரேக்குக்குப் போகிற தடிமனான குழாயை நட்ட நடுவில் நெரித்தேன், நிற்கவில்லை. சரி, இவர்கள் எல்லோரும் நல்லவர்கள், கார்புரேட்டருக்கு அடியில் இருக்கிற காகிதப் பட்டைதான் போயிருக்க வேண்டும் என்று முடிவு செய்து, கொதிக்கிற எஞ்சினிலிருந்து கார்புரேட்டரைக் கழற்றினேன். மணிக்கட்டு வெந்தது. புதுப் பட்டை வைத்து, பூட்டி, மறுபடி சூடாக்கினேன்.

ஸ்ஸ்ஸ்.

கையிலிருந்த ஸ்பேனரை வீசினேன். அது தகரச் சுவரில் பட்டு விழுந்த சத்தத்துக்குத் தார்ப்பாயை விலக்கிக்கொண்டு ஒரு தலை வந்தது.

"யாரு செத்தா?"

"அடுத்து நீங்கதான்."

"அப்ப உயிரோட இருக்கறப்பவே ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கோபம் வந்தால் எனக்குக் கண் தெரியாது, ஆனால் அன்றைக்கு அழுகை வந்தது. மணி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா வந்து நின்று "ஆச்சாடீ" என்று கேட்டால் என்ன சொல்வது? எல்லோருடைய வண்டியையும் சரி பண்ணுகிறேன், கூடப் பிறந்தவள் வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்று கேட்டால் கையை விரிப்பதா? ஸ்பேனரை எடுக்கக் குனிந்தவள், எழுந்திருக்க ஒரு பிடிமானம் வேண்டி எஞ்சினுக்குள் கையை ஊன்றினேன். என் உள்ளங்கை, பிரேக்குக்குப் போகிற குழாயின் எஞ்சின் பக்க நுனியில் பட்டது. சத்தம் சட்டென்று தடுமாறியது. கையை எடுத்தேன், ஸ்ஸ்ஸ். வைத்தேன், நின்றது.

அட பாவி மகளே என்று என்னையே திட்டிக்கொண்டேன். நான் நெரித்தது குழாயின் நடுவில். கீறல் இருந்ததோ அதற்கு முன்னால், எஞ்சினில் அது மாட்டியிருக்கிற இடத்தில், கிளிப்புக்கு அடியில். நடுவில் நெரித்தால் முன்னால் இருக்கிற கீறல் எப்படி நிற்கும்? காலையில் கண்ணில் படவேண்டியதை, கண்ணைத் திறந்துகொண்டே தாண்டிப் போயிருக்கிறேன். ஸ்பிரேயும் அந்தக் கிளிப்பைத் தாண்டி உள்ளே போயிருக்காது.

இந்தக் குழாய் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிரேக் மிதிக்குப் பின்னால் ஒரு பெரிய வட்ட டப்பா உண்டு. எஞ்சின் அந்தக் குழாய் வழியாக டப்பாவிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கும். அந்த வெற்றிடத்தின் பலத்தால்தான் நாம் லேசாகக் கால் வைத்தாலே வண்டி நிற்கிறது. குழாய் இல்லையென்றால் டப்பாவில் மிச்சமிருப்பது ஓரிரண்டு மிதிக்கு வரும். அதற்குப் பிறகு மிதி கல்லாகிவிடும். பிரேக் போய்விடாது, ஆனால் எழுந்து நின்று மிதிக்கிற அளவுக்குப் பலம் வேண்டும்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள அந்தக் குழாயைக் கழற்றிவிட்டு, எஞ்சின் பக்கத் துவாரத்தில் ஒரு குட்டி ரப்பர் துண்டை மாட்டி, அதன் வாயில் ஒரு போல்ட்டைச் சொருகி, கிளிப் போட்டு இறுக்கினேன். எங்கள் வேலையில் இதற்குப் பெயர் அடைத்துப் பார்ப்பது. எஞ்சினைப் போட்டேன். பாம்பு செத்துவிட்டது. எஞ்சின் அவ்வளவு அழகாக ஓடியது, அதன் மேல் ஒரு நாணயத்தை நெட்டுக்குத்தாக நிறுத்தலாம் போலிருந்தது.

புதுக் குழாய் வேண்டும். அளவு தப்பக்கூடாது என்று பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு, பானெட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஸ்கூட்டியில் கிளம்பினேன். பானெட் திறந்திருந்தால் வண்டி இன்னும் என் கையில் என்று அர்த்தம். எங்கள் கொட்டகையில் அது எழுதாத சட்டம். அவர் டீக்கடையிலிருந்து வந்திருக்கவில்லை.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் எடுத்ததும் பெட்ரோல் குழாயை நீட்டினார்.

"இதுவும் ரப்பர்தானேம்மா."

"செருப்பும் ரப்பர்தான். அதை மாட்டட்டுமா? இது உறிஞ்சற இடம்யா, இந்தக் குழாய் உள்ளுக்குள்ள ஒட்டிக்கும். தடியானது குடு."

அவர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். வெளியே தூறல் போட ஆரம்பித்தது. அப்போது போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"என்ன, உன் பாம்பு என்ன ஆச்சு?"

"அடைச்சாச்சு" என்றேன்.

"அப்படியா? சூப்பர். அப்ப..."

கடைக்காரர் மறுபடி ஏதோ ஒரு தப்பான குழாயோடு வந்துகொண்டிருந்தார். போனைக் கட் பண்ணினேன்.

சரியான குழாய் கிடைக்கக் கடையையே புரட்ட வேண்டியிருந்தது. கிடைத்ததும் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை நல்லதாகவே சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மனசு லேசாக இருந்தது. கிளிப் இரண்டு, குழாய் ஒன்று, கால் மணி நேர வேலை. அத்தான் தன் வண்டியில் ராஜா மாதிரி வீட்டுக்குப் போவார்.

கொட்டகைக்குள் ஸ்கூட்டியை விட்டேன். என் பக்கம் காலியாக இருந்தது. எண்ணெய்க் கறையும் ஸ்டூலும்தான் இருந்தன.

"கார் எங்க?"

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா வந்தாங்க, எடுத்துட்டுப் போயிட்டாங்க. இப்பதான் போறாங்க. எஞ்சின் சத்தத்தைக் கேட்டுட்டு அழுதே போட்டாங்க தெரியுமா. 'என் தங்கச்சி கைய தங்கத்துல செய்யணும்'னு..."

"யாரைக் கேட்டு சாவியக் குடுத்தீங்க? பானெட்டு திறந்திருந்துச்சுல்ல?"

"மழை வந்துச்சு, மூடினேன். நீதானே சொன்னே?"

"நான் என்ன சொன்னேன்?"

"அடைச்சாச்சுன்னே."

அவருடைய வேலையில் அடைச்சாச்சு என்றால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். தகரத்தில் ஓட்டையை அடைத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்து, சாவியைக் கொடுத்தாச்சு. என் வேலையில் அடைச்சாச்சு என்றால் வேலை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. இத்தனை வருஷம் ஒரே கூரைக்கு அடியில் ஒரே வார்த்தையை இரண்டு பேரும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம், ஒரு தடவைகூட முட்டிக்கொண்டதில்லை.

கையிலிருந்த குழாயை நீட்டினேன். "இது பிரேக் குழாய். வண்டியில இது இல்ல."

அவருக்கு எஞ்சின் தெரியாது. ஆனால் பிரேக் என்ற வார்த்தை தெரியும். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்று காய்ந்துபோனது. ஓடிப்போய் எங்கள் பழைய பிக்கப் வண்டியைக் கிளப்பினார். நான் பக்கத்தில் ஏறினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி எனக்கு மனப்பாடம். கடைத்தெரு முழுக்கச் சமதரை. அதைத் தாண்டினால் நீளமாக ஒரு இறக்கம். இறக்கம் முடிகிற இடத்தில் பஸ் ஸ்டாப், அதற்கு நேர் எதிரே ஆஸ்பத்திரி வாசல். மதிய நேரத்தில் அந்த வாசலில் சாப்பாட்டுக் கேரியரோடு எத்தனை பேர் நிற்பார்கள் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்காவின் வலது முழங்கால் கண்ணுக்கு முன்னால் வந்தது. படியில் ஒவ்வொன்றாக, பக்கவாட்டாக. அந்தக் காலால் கல்லை எப்படி மிதிப்பாள்?

போனைப் போட்டேன். ஓட்டும்போது எடுக்கமாட்டாள். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள் என்று இன்றைக்கு எடுப்பாள். எடுக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

என் வாயில் வந்து நின்றது ஒரே ஒரு வாக்கியம்: அடியே லூசு, வண்டிய நிறுத்து. அதைச் சொன்னால் என்ன நடக்கும்? பயந்துபோய் பிரேக்கில் காலை வைப்பாள். டப்பாவில் ஏதாவது மிச்சமிருந்தால் அதுவும் அங்கேயே தீர்ந்துவிடும். மிதி கல்லானதும் கையும் ஓடாது, காலும் ஓடாது, கத்துவாள்.

"சொல்லுடீ, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்!" அக்காவின் குரல். பாட்டுப் பாடுகிற மாதிரி இருந்தது. "வண்டி எப்படிப் போகுது தெரியுமா, வெண்ணெய்டீ! பாம்பு போன இடமே தெரியல!"

பல்லைக் கடித்து மூச்சை இழுத்துக்கொண்டேன்.

"அப்படியாக்கா" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. ஓட்டிக்கொண்டிருந்த என் புருஷன் திரும்பிப் பார்த்தார். "எங்கக்கா இருக்கே?"

"கடைத்தெரு தாண்டிட்டேன். இறக்கத்துல இப்பதான் திரும்பறேன்."

என் கை தானாக டாஷ்போர்டைப் பிடித்தது.

"பிரேக் எப்படி இருக்கு? எத்தனை தடவை மிதிச்சே?"

"அதுவா? உங்க கொட்டகை வாசல்ல ஒரு தடவை. அப்புறம் கடைத்தெரு முனையில. அங்க கொஞ்சம் டைட்டா இருந்துச்சு. புதுசா வேலை பார்த்திருக்கேல்ல, அதனாலயா?"

தீர்ந்தது. மிச்சம் எதுவும் இல்லை.

"ஆமாக்கா. புது வேலைதான். இப்ப எனக்கு ஒரு உதவி பண்றியா? எஞ்சின் சத்தத்தை நான் போன்ல கேக்கணும். எத்தனையாவது கியர்ல இருக்கே?"

"நாலு."

"ஆக்சிலேட்டர்லேர்ந்து கால எடுத்துட்டு மூணுக்கு மாத்து. பிரேக் வேணாம். பிரேக் பிடிச்சா எனக்குச் சத்தம் சரியா கேக்காது."

கிளட்ச், கியர். எஞ்சின் குரல் உயர்ந்தது. நல்ல எஞ்சின், நான் அன்று காலை முழுக்கப் பாடுபட்ட எஞ்சின், வண்டியைப் பின்னால் பிடித்து இழுத்தது. அது கேட்டது.

"கேக்குதா?"

"நல்லா கேக்குதுக்கா. இப்ப ரெண்டுக்கு."

"ரெண்டா? இவ்ளோ வேகத்துல போட்டா கத்துமேடீ."

"கத்தட்டும் தங்கம். எனக்காக."

கத்தியது. போனே நடுங்கியது. என் புருஷன் ஹார்ன் அடித்துக்கொண்டே கடைத்தெருவைக் கிழித்துக்கொண்டு போனார். அவர் உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அவரை நான் அப்போது கொன்றிருப்பேன். ஆனால் அவரைத் திட்டவும் முடியாது, போன் திறந்திருக்கிறது.

"ஹேண்ட் பிரேக் நேத்து வீட்டு வாசல்ல பிடிச்சுதாக்கா?"

"பிடிச்சுது. ஏன்?"

"சும்மா. அதுல கைய வச்சுக்கோ. நுனியில இருக்கற பட்டன அமுக்கியே வச்சுக்கோ, விட்டுடாதே. இழுக்க வேணாம், நான் சொல்றப்ப இழுக்கலாம்."

ஹேண்ட் பிரேக்குக்கு அந்த டப்பா வேண்டாம், அது கம்பியில் இழுபடுவது; பட்டனை அமுக்கியே வைத்திருந்தால் கூட்டவும் குறைக்கவும் முடியும்.

"சரி" என்றாள் அக்கா. பாட்டு போய்விட்டது குரலில்.

"இடது பக்கம் தண்ணித் தொட்டிக்குப் போற சந்து வரும். மேல ஏறற சந்து. தெரியுமில்ல? அதுல திரும்பிக்கோ."

"தெரியும். டீ, முன்னாடி ஒரு பஸ்ஸு நிக்குது. ஆளுங்க இறங்கறாங்க."

"சந்து பஸ்ஸுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"முன்னாடி. கொஞ்சம்தான் முன்னாடி."

"சரி. பட்டன அமுக்கிக்கிட்டே ஹேண்ட் பிரேக்க மெதுவா தூக்கு. வெடுக்குன்னு இழுக்காதே கண்ணு. கொஞ்சம் தூக்கு, வேகம் குறையுதான்னு பாரு, இன்னும் கொஞ்சம் தூக்கு."

"குறையுது. லேசா குறையுது."

"இன்னும் கொஞ்சம். பஸ்ஸப் பாக்காதே, சந்தப் பாரு."

"ஒரு குழந்தை குறுக்க..."

ஹார்ன் சத்தம், அக்காவின் ஹார்ன், விடாமல் நீளமாக. டயர் தேய்கிற சத்தம். ஏதோ உடைகிற சத்தம். போன் எங்கேயோ விழுந்து உருண்டது. எஞ்சின் இரண்டு தடவை இருமியது. பிறகு எதுவுமே கேட்கவில்லை. காலையிலிருந்து சத்தம் நிற்க வேண்டும் என்று உயிரை விட்டவள் நான். இப்போது ஒரு சின்னச் சத்தத்துக்காக அந்தப் போனைக் காதோடு வைத்து அழுத்தினேன்.

"அக்கா."

போனின் சத்தத்தை முழுசாக ஏற்றினேன்.

"அக்கா. அக்கா. பேசுக்கா."

"ஐயோ, பேசச் சொல்லு" என்றார் என் புருஷன். இறக்கத்தில் பிக்கப் பாய்ந்தது. பஸ் ஸ்டாப்பில் கூட்டமாக ஆட்கள் ஒரு பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் பார்த்த பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பார்த்தேன்.

கார் சந்துக்குள் மேட்டைப் பார்த்து நின்றிருந்தது. முழுசாக நின்றிருந்தது. பின்னால் வருவதைப் பார்க்கிற இடது பக்கக் கண்ணாடி மட்டும் சுவரில் உரசி உடைந்து தொங்கியது. சந்து முனையில் ஒரு தாய் ஒரு சின்னப் பெண்ணை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, அதன் முதுகில் அடித்து அடித்து அழுதுகொண்டிருந்தாள். அந்தக் குழந்தையின் மேல் ஒரு கீறலும் இல்லை. அது எங்கள் காரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

பிக்கப் நிற்பதற்குள் நான் குதித்தேன். என் புருஷன் ஓடிவந்து பின் சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லைத் தள்ளினார். தள்ளிவிட்டு, அங்கேயே சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

காரின் கதவைத் திறந்தேன். அக்கா நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து, வானத்தைப் பார்க்க இழுத்து வைத்திருந்தாள். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. மடியில் அத்தானின் மாற்றுத் துணிப்பை சரிந்து கிடந்தது.

"நின்னுடுச்சுக்கா. கல்லு வச்சாச்சு. கைய விடு."

அவள் விடவில்லை. திரும்பவும் இல்லை.

"நீ அக்கான்னு கூப்பிட்டதுமே தெரிஞ்சு போச்சு" என்றாள், முன்கண்ணாடியைப் பார்த்தபடியே. "பொறந்ததுலேர்ந்து நீ என்கிட்ட அப்படிப் பேசினதில்ல. லூசு, சனியன், காது செவிடான்னுதான் ஆரம்பிப்பே. தங்கம்னியே, கண்ணுன்னியே, அப்பவே சரி, சாகப் போறோம்னு நெனச்சுக்கிட்டேன்."

"ஏன்க்கா ஒண்ணும் கேக்கல? என்னாச்சுன்னு கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா நீ அழுதுடுவே. நீ அழுதா எனக்கு யாரு சொல்லிக் குடுப்பா?"

நான் அவள் கையைப் பிடித்து விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன். இரும்பு மாதிரி இருந்தன.

"விடுக்கா. ப்ளீஸ்க்கா."

"அப்படிப் பேசாதேடீ!" முதல் தடவையாக அவள் உடம்பு குலுங்கியது. "நீ அப்படிப் பேசற வரைக்கும் வண்டி இன்னும் போயிட்டே இருக்கற மாதிரி இருக்கு. திட்டு. எப்பவும் போல திட்டுடீ."

வாயைத் திறந்தேன். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு குரல் வந்தது. "லூசு" என்றேன். அது விம்மலாக வெளியே வந்தது. மறுபடி மூச்சை இழுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். "அடியே லூசு! நான் வர்ற வரைக்கும் ரெண்டு நிமிஷம் ஸ்டூல்ல உக்கார முடியாதா உனக்கு? யாரு சாவியக் குடுத்தாலும் வாங்கிக்குவியா? நீ போயிட்டா நான் யாரடீ திட்டுவேன், சனியனே!"

அக்கா ஹேண்ட் பிரேக்கை விட்டாள். இரண்டு கையாலும் என் கழுத்தைப் பிடித்து இழுத்து, எண்ணெயும் கரியுமாக இருந்த என் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "இன்னும் திட்டு" என்றாள்.